போன், வங்கி, ஒன்லைன் மோசடி: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை பக்கங்களில் போன் பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட, அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. நம் பக்கத்தில் பலருடைய ஈமெயிலை வேறொருவர் திறந்து கொடுத்திருக்கிறார், சிம் வேறொருவர் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்ட் வேறொருவர் கொப்பியில் இருக்கிறது. முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

"நான் கொழுந்து எடுக்கிறவ. என்கிட்ட திருடுறதுக்கு என்னா இருக்கு?"

கணக்கில் கிடக்கும் சம்பளக் காசு மட்டும்தான் சொத்து என்று எண்ண வேண்டாம். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருந்தாலே போதும், வேறு யாரிடமோ ஏமாற்றிய காசை அதன் வழியாகக் கடத்தலாம். உங்கள் பேஸ்புக் கணக்கு ஒருவன் கையில் சிக்கினால், டுபாயிலும் கட்டாரிலும் இருக்கும் உறவுகளிடம் உங்கள் பெயரைச் சொல்லிக் கடன் கேட்கலாம். அடையாள அட்டையின் படம் கிடைத்தால் உங்கள் பெயரில் ஒன்லைன் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.

திருடன் உங்களைத் தேடி வருவதில்லை. ஆயிரக்கணக்கான நம்பர்களுக்கு ஒரே மெசேஜைத் தூவுகிறான். யார் பதில் போடுகிறாரோ அவரிடம் வேலையைத் தொடங்குகிறான். ஏழை, பணக்காரன் என்ற கணக்கு அவனுக்கு இல்லை.

"ஈமெயில் போட்டுத் தந்ததே கொமியூனிகேஷன் கடைத் தம்பிதான். பாஸ்வேர்டும் அவர்கிட்டதான் இருக்கு. நல்ல பிள்ளை. அதுல என்னா தப்பு?"

தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய கணினியை ஒரு நாளைக்கு எத்தனை பேர் தொடுகிறார்கள்? அதில் பிரவுசர் உங்கள் பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கும். அடுத்து உட்காருபவர் ஜிமெயிலைத் திறந்தாலே உங்கள் பெட்டி திறக்கும். திருட்டு விண்டோஸை இயங்க வைக்க ஒரு 'அக்டிவேட்டர்' போட்டிருந்தால், தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் வெளியே அனுப்பும் வைரஸ் அதோடு சேர்ந்து வந்திருக்கவும் கூடும். தம்பிக்கே அது தெரிந்திருக்காது. ஈமெயில் போனால் அதோடு பேஸ்புக், வங்கி அப், போனில் இருக்கும் படங்கள் எல்லாம் போகக்கூடும். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று தட்டினால் கோட் வந்து விழும் இடம் அந்த ஈமெயில்தான்.

சரிசெய்ய அரை மணி நேரம் போதும். கடைக் கணினியில் செய்யாமல் உங்கள் சொந்தப் போனில், ஒரே இருப்பில் செய்து முடியுங்கள். செட்டிங்ஸில் கூகிள் பகுதிக்குப் போய், கணக்கை நிர்வகிக்கும் இடத்தில் பாதுகாப்பு என்ற பக்கத்தைத் திறக்கவும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து மீட்பு நம்பரையும் மீட்பு ஈமெயிலையும் பாருங்கள். கடையின் நம்பர் இருந்தால் எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால் பூட்டை மாற்றிவிட்டு மறுசாவியை அவரிடமே விட்ட கதைதான். பிறகு 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் தெரியாத கணினி, போன் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். கடைசியாக இரண்டு-படி சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போட்டு, கூகிள் தரும் 10 காப்புக் கோட்களைத் தாளில் எழுதி வையுங்கள். நம்பரை மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை பழைய மீட்பு நம்பருக்குக் கோட் அனுப்ப கூகிள் இடம் கொடுக்கலாம். அதனால் எட்டாம் நாள் அந்தச் சாதனப் பட்டியலை மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

இனிக் கடைக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. விண்ணப்பம் போடவும் பிரின்ட் எடுக்கவும் கடை தேவைதான். பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள், பிரவுசர் 'சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், எழும்பும் முன் லொக்அவுட் பண்ணுங்கள். அடையாள அட்டைப் படத்தைக் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தால், அந்த மெசேஜ், டவுன்லோட் போல்டர், ரீசைக்கிள் பின் மூன்றிலிருந்தும் உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். போட்டோகொப்பி கொடுப்பதென்றால் அதன் குறுக்கே எதற்காக என்பதையும் திகதியையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். அந்தக் கொப்பியை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது அதன்பின் லேசில்லை.

"சிம் மாமா பேருல இருக்கு. மாத்தணுமா?"

கட்டாயம் மாற்ற வேண்டும். போன் தொலைந்தால் அதே நம்பரில் புது சிம் எடுக்கப் பதிவில் உள்ளவர்தான் அடையாள அட்டையோடு போக வேண்டும். மாமா கொழும்பில் இருந்தாலோ இறந்து போயிருந்தாலோ, நம்பரோடு உங்கள் வங்கிக் கோட்களும் வட்ஸ்அப்பும் போய்விடும். இருவரும் அடையாள அட்டையோடு அந்தச் சிம் நிறுவனத்தின் கிளைக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ரீலோட் போடாமல் நீண்ட காலம் கிடக்கும் நம்பரை நிறுவனம் நிறுத்தி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வங்கியில் அந்த நம்பரே பதிவாகியிருந்தால் உங்கள் கோட் அந்நியர் போனுக்குப் போகும். போகும் முன் வங்கியில் நம்பரை மாற்றுங்கள், அல்லது சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.

"பாஸ்வேர்ட் என்னா வச்சாலும் மறந்து போகுது. பிறந்த திகதி வச்சா நினைவிருக்கும்ல?"

பிறந்த திகதி இரகசியமே இல்லை, அடையாள அட்டை நம்பரிலேயே அது இருக்கிறது. 12 இலக்க நம்பரில் முதல் 4 இலக்கம் பிறந்த வருடம். அடுத்த 3 இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். மார்ச் 1இல் பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள். ஆக, உங்கள் அடையாள அட்டைக் கொப்பியைப் பார்த்த எவரும் உங்கள் பின் நம்பரை ஊகித்துவிடலாம்.

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கூடை, எருமை, பாலம், மத்தளம் என்ற மாதிரி. (இதையே வைக்காதீர்கள்.) குறியீடுகள் நிறைந்த 8 எழுத்தைவிட இந்த நீளம் உடைக்கக் கடினம், நினைவில் வைக்கவும் இலேசு. ஈமெயிலுக்கு ஒன்று, வங்கிக்கு வேறொன்று, பேஸ்புக்குக்கு இன்னொன்று. ஒரு தளத்திலிருந்து திருடிய பாஸ்வேர்டை மற்ற எல்லாத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் அன்றாட வேலை. மறந்துவிடும் என்றால் ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். மாஸ்கோவில் இருக்கும் திருடன் உங்கள் லயத்துப் பெட்டியைத் திறக்கப் போவதில்லை. போன் கவருக்குள் மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

"ஓடிபி யார்கிட்டயும் சொல்லாதேங்கிறாங்க. பேங்க்காரங்களே கேட்டா?"

வங்கியில் யாரும் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு அது தேவையில்லை. அந்தக் கோட், நீங்களே திறந்த திரையில் நீங்களே தட்டுவதற்காக வருவது. வாயால் சொல்லும் கோட், வட்ஸ்அப்பில் அனுப்பும் கோட் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. கேட்கிறவர் அஸ்வெசும (அரச நிவாரணக் கொடுப்பனவு) அலுவலகம் என்றாலும், சேமலாப நிதி என்றாலும், பரிசு விழுந்திருக்கிறது என்றாலும் பதில் ஒன்றுதான். உங்களுக்குக் காசு வருவதற்குக் கணக்கு நம்பர் போதும். காசு வருவதற்குக் கோட் கேட்டால் காசு போகப் போகிறது என்று அர்த்தம்.

கோட் வரும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். நம்பரை மட்டும் பார்க்காமல் முழுவதையும் வாசிக்கவோ வாசிப்பிக்கவோ வேண்டும். எவ்வளவு தொகைக்கு, யாருக்கு, எதற்கு என்பது அதிலேயே எழுதியிருக்கலாம்.

"லிங்க்கைத் தட்டின உடனே காசு போயிருமா?"

புதுப்பிப்பு ஏற்றிய போனில், தட்டியதால் மட்டும் காசு போவது மிக அபூர்வம். தட்டிய பிறகு நீங்கள் செய்யும் வேலையில்தான் போகிறது. பொதி வந்திருக்கிறது, சின்னக் கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலி எஸ்எம்எஸ் இந்த வகை. திறக்கும் பக்கம் அச்சு அசலாகவே இருக்கும், கார்ட் நம்பரும் கோட்டும் கேட்கும். கேட்ட சில்லறையை எடுக்க மாட்டான், கணக்கை வழித்தெடுப்பான்.

முகவரியைப் படிக்க ஒரு வழி உண்டு. தொடக்கத்தில் https-ஐ அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் சாய்கோடு வரும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். இலங்கை அரசுத் தளமென்றால் பெரும்பாலும் அந்தச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் 'டொட் ஜிஓவி டொட் எல்கே' என்று முடியும். அது முன்னாலோ நடுவிலோ வந்து, முடிவில் வேறேதாவது இருந்தால் போலி.

இரண்டாவது வகை இதைவிட மோசம். லிங்க் ஒரு அப்பை இறக்கச் சொல்லும், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து. ஏற்றியதும் 'அணுகல்தன்மை' அனுமதி கேட்கும். அதைக் கொடுத்தால் உங்கள் திரையைப் பார்க்கவும், எஸ்எம்எஸ் வாசிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானைத் தட்டவும் அதற்கு முடியும். 'உதவி செய்கிறோம்' என்று எனிடெஸ்க் போன்ற திரைப்பகிர்வு அப்பைப் போடச் சொல்வதும் இதே வேலைக்குத்தான். ஏற்றிவிட்டீர்கள் என்றால் உடனே டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்தி, வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசுங்கள். பிறகு முக்கியமான படங்களை எடுத்துக்கொண்டு போனை பெக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் நிலைக்குக் கொண்டுவருவது) பண்ணுங்கள். அப்பை அழித்தால் மட்டும் போதாது.

"தங்கச்சி நம்பர்ல இருந்து 25,000 கேட்டு மெசேஜ் வந்திச்சு. தங்கச்சி நான் கேட்கலேங்குது. இது எப்பிடி?"

தங்கச்சியின் வட்ஸ்அப் வேறொருவர் போனில் ஓடுகிறது. தெரிந்த ஒருவர் பெயரிலேயே 'தவறி உன் நம்பருக்கு ஒரு 6 இலக்கக் கோட் வந்திருக்கும், அனுப்பிவிடு' என்று கேட்டிருப்பார்கள். கோயில் குழு, பள்ளிக்கூட பழைய மாணவர் குழு, சூம் கூட்டம் என்று காரணம் மாறும், கோட் மாறாது. இன்னொரு தந்திரமும் உண்டு. ஏதோ ஒரு சாக்கில் நட்சத்திரக் குறியும் 21உம் வரும் ஒரு நம்பரை டயல் பண்ணச் சொல்வார்கள். அதோடு உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவன் போனுக்குத் திரும்பும், வட்ஸ்அப் கோட்டையும் அழைப்பின் வழியாகவே வாங்கிவிடுவான்.

மீட்பதற்கு, கணக்கை இழந்தவரின் போனிலேயே: முதலில் ##002# டயல் பண்ணி எல்லா அழைப்புத் திருப்பலையும் நீக்குங்கள். பிறகு வட்ஸ்அப்பை அழித்து மறுபடி ஏற்றி, அதே நம்பரைக் கொடுத்து, வரும் கோட்டைப் போடுங்கள். அந்த நொடியே அவன் வெளியேறிவிடுவான். அவன் தனியாக ஒரு பின் வைத்துவிட்டிருந்தால், உள்ளே போக நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். ஆனால் அந்த 7 நாளும் அவனாலும் உங்கள் பெயரில் பேச முடியாது. உள்ளே போனதும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் உள்ளதையெல்லாம் வெளியேற்றி, இரண்டு-படி சரிபார்ப்பில் உங்கள் சொந்தப் பின்னை வையுங்கள். இன்னும் மாட்டாதவர்கள் இந்தப் பின்னை இன்றைக்கே வைத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. கோட்டை ஏமாந்து கொடுத்துவிட்டாலும் பின் இல்லாமல் அவனால் உள்ளே வர முடியாது.

"குரலும் மகன் குரலேதான். டுபாய்ல பொலிஸ் பிடிச்சிருச்சுன்னு அழுறான். எப்பிடி நம்பாம இருக்கிறது?"

பேஸ்புக்கில் போட்ட ஒரு சின்ன வீடியோவில் உள்ள குரலை வைத்து, அதே குரலில் பேச வைக்கும் மென்பொருள் இப்போது எவருக்கும் கிடைக்கிறது. முகத்தையும் அப்படிச் செய்யலாம். 2024இன் தொடக்கத்தில் ஹொங்கொங்கில், அரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைப் 'பார்த்து', சுமார் 200 மில்லியன் ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் செய்யப்பட்ட உருவங்கள். அவரே ஏமாந்தார் என்றால், நடுராத்திரியில் பிள்ளையின் அழுகுரலைக் கேட்கும் தாயைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே குரலை வைத்து முடிவெடுக்காதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகனின் வழக்கமான நம்பருக்கு நீங்களே எடுங்கள். கிடைக்காவிட்டால் அவனோடு அறையில் இருக்கும் கூட்டாளிக்கு எடுங்கள். அந்த நம்பரையும் மகன் பயணம் போகும் முன்பே எழுதி வாங்கி வைக்க வேண்டும். வீட்டுக்குள் ஒரு சொல்லையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாயின் பெயர், தாத்தாவைக் கூப்பிட்ட செல்லப் பெயர், பேஸ்புக்கில் எங்கும் எழுதாத ஏதாவது ஒன்று. காசு கேட்கும் எவரும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

"டெலிகிராம்ல வேலை. வீடியோவுக்கு லைக் போட்டா காசு. எனக்கு 1,500 ரூபா வந்தும் இருக்கு. அப்ப உண்மைதானே?"

அந்த 1,500 தூண்டில் புழு. அடுத்து 'பெரிய டாஸ்க்' வரும், அதற்கு நீங்கள் முன்பணம் கட்ட வேண்டும். அப்பில் இலாபம் ஏறுவதுபோல் காட்டும். எடுக்கப் போனால் 'வரி', 'கணக்கைத் திறக்கும் கட்டணம்' என்று இன்னும் கேட்பார்கள். இதுவரை போட்டதை மீட்க இன்னும் கொஞ்சம் போடுவோம் என்ற எண்ணம்தான் ஆளைக் குழிக்குள் இழுக்கிறது. இந்த நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

'கொம்பியூட்டர் வேலை, தாய்லாந்து, நல்ல சம்பளம்' என்ற விளம்பரம் உயிருக்கே ஆபத்தானது. சுற்றுலா விசாவில் கூட்டிப்போய், தாய்லாந்து எல்லையைத் தாண்டி மியன்மாரின் மியாவதி பக்கத்து முகாம்களில் அடைத்து, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கிறார்கள். அங்கே சிக்கிய இலங்கையர்களை அரசு தலையிட்டு மீட்க வேண்டியிருந்தது. எந்த வெளிநாட்டு வேலையானாலும், முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கே அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

"என் பேங்க் அக்கவுன்ட்டையும் கார்டையும் மாச வாடகைக்குக் கேட்கிறாங்க. கொடுத்தா என்னா?"

முதல் கேள்வியில் சொன்ன கடத்தல் இதுதான். ஏமாந்தவர் முறைப்பாடு செய்யும்போது பொலிஸ் கையில் இருக்கும் ஒரே பெயர் உங்களுடையது. வாடகைக்கு எடுத்தவரின் பெயர் எங்கும் இருக்காது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்தி, எழுத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் பிரதியை வாங்கி வையுங்கள்.

"டவுன்ல ப்ரீ வைஃபை பாவிச்சா பேங்க் விவரம் போயிருமா?"

வங்கி அப்பின் தகவல் குறியாக்கப்பட்டே போகிறது, வைஃபை என்பதற்காக அது திறந்துவிடாது. வைஃபைக்குள் நுழைய பேஸ்புக் பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் வந்தால் மட்டும் கொடுக்காதீர்கள்.

"பாஸ்கீ போடவான்னு கேட்குது. போடலாமா?"

உங்கள் சொந்தப் போனில் என்றால் போடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனுக்குள்ளேயே ஒரு சாவி உருவாகும், விரல் ரேகை வைத்தால் திறக்கும். அது எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரியில் மட்டுமே வேலை செய்யும், ஆகவே போலித் தளத்தில் கொடுக்கவே முடியாது. ஓடிபியில் இல்லாத பலம் இது. கடைக் கணினியில் போடக் கூடாது.

"கடையில கியூஆர் வச்சிருக்கோம். அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷொட் காட்டுறாங்க. போதும்தானே?"

போதாது. ஸ்கிரீன்ஷொட்டில் தொகையையும் திகதியையும் மாற்ற இரண்டு நிமிடம் போதும். நேற்றைய உண்மையான ரசீதையே இன்றும் காட்டலாம். லங்காகியூஆர் வழியாக வரும் காசுக்கு உங்கள் பக்கத்திலேயே அறிவித்தல் வரும். அது உங்கள் போனில் வந்த பிறகே சாமானைக் கொடுங்கள். கல்லாவில் நிற்கும் பையனிடம் அந்த அறிவித்தல் வரும் போன் இருக்க வேண்டும். முதலாளி சட்டைப்பையில் இருந்தால் பிரயோசனமில்லை.

காலையில் கடை திறந்ததும் கியூஆர் அட்டையை ஒரு தடவை நீங்களே ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். உங்கள் கடைப் பெயர் வர வேண்டும். மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் வேலை பல நாடுகளில் நடந்திருக்கிறது.

"எல்ல ஊருல ஹோம்ஸ்டே நடத்துறோம். 'விருந்தினர் முறைப்பாடு'ன்னு ஈமெயில் வந்து, நான் ரோபோ இல்லைன்னு நிரூபிக்கச் சொல்லுது. செய்யலாமா?"

செய்யாதீர்கள். புக்கிங் தளங்களின் பெயரில் தங்குமிடங்களைக் குறிவைக்கும் இந்த வலையை மைக்ரோசொப்ட் 2025 மார்ச்சில் விரிவாக விளக்கியது. பக்கம் மூன்று வேலை சொல்லும். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்து, கண்ட்ரோல் விசையோடு வி விசையை அழுத்து, என்டர் தட்டு. பார்த்தால் சாதாரணமாக இருக்கும். உண்மையில் அந்தப் பக்கம் ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் கொப்பி பண்ணி வைத்திருக்கும், நீங்களே அதை ஒட்டி ஓட விடுகிறீர்கள். அன்டிவைரஸ் தடுக்காமல் போவதற்கும் காரணம் அதுதான். சேமித்த பாஸ்வேர்ட்கள் எல்லாம் நிமிடங்களில் போய்விடும். பிறகு உங்கள் புக்கிங் கணக்கிலிருந்தே உங்கள் விருந்தினரிடம் கார்ட் விவரம் கேட்பார்கள். பெயர் கெடுவது உங்களுக்கு.

முறைப்பாடு உண்மையா என்று பார்க்க ஈமெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், வழக்கமான அப்பைத் திறந்து உள்ளே பாருங்கள். உண்மையென்றால் அங்கே இருக்கும். ஏற்கெனவே அந்த மூன்று வேலையையும் செய்துவிட்டிருந்தால் கணினியை நெட்டிலிருந்து கழற்றி, வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள். அந்தக் கணினியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றும் வரை எந்தக் கணக்கையும் திறக்க வேண்டாம்.

"ஒபிஸ் கணினியில பைல் எல்லாம் பூட்டிக்கிச்சு. காசு கட்டுனா திறப்பேங்கிறான். கட்டவா?"

கட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கட்டியும் திறக்காதவர்கள் உண்டு. கட்டினால், கட்டுகிற ஆள் என்ற பட்டியலிலும் சேர்ந்துவிடுவீர்கள். முதலில் நெட்வேர்க் வயரைக் கழற்றி வைஃபையை நிறுத்துங்கள். மற்றக் கணினிகளையும் பிரியுங்கள். மிரட்டல் செய்தியையும் பூட்டிய பைல்களின் பின்னொட்டையும் (பெயரின் முடிவில் வரும் எழுத்துகள்) போனில் படமெடுங்கள். ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் பங்காளியாக இருந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறப்பு கிடைக்கும். அதைப் பார்ப்பதற்கு முன் டிஸ்கை அழித்துவிடாதீர்கள்.

உண்மையான மருந்து முன்கூட்டியே எடுத்த பிரதிதான். 2023 ஆகஸ்ட்டில் அரச அலுவலகங்களின் பொதுக் கணினிச் சேமிப்பகமான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்கப்பட்டபோது, அரச ஈமெயில்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் போயின. கணினிகளை மீளச் செயற்படுத்த முடிந்தது, ஆனால் அந்த இடைக்காலத்துக்குத் தனியாகக் கழற்றி வைத்த பிரதி இல்லை. மென்பொருளும் ஆதரவு முடிந்த பழைய பதிப்பு. அரசாங்கத்துக்கே நடந்தது கூட்டுறவுக் கடைக்கும் டியூஷன் நிலையத்துக்கும் நடக்கும். மூன்று பிரதி (கணினியில் இருப்பதையும் சேர்த்து), இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற முறையைப் பிடியுங்கள். சிறிய அலுவலகத்துக்கு இரண்டு வெளி ஹார்ட்டிஸ்க் போதும். வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்து, எடுத்ததும் கழற்றி, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் பூட்டும். நம் பக்கத்து இடிமின்னலுக்கும் கழற்றி வைப்பதே நல்லது. மாதத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து ஒரு பைலை உண்மையாகவே திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பி ஏமாந்த அலுவலகங்கள் நிறைய.

உள்ளே வந்த வழியையும் அடைக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக 3389 போர்ட்டை (தூரத்திலிருந்து கணினியை இயக்கும் வாசல்) இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பது, திருட்டு மென்பொருள், புதுப்பிக்காத விண்டோஸ், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கணக்கு வேலை செய்யும் கணினியில் அதை அப்படியே ஓட விடாதீர்கள்.

"வழக்கமா சாமான் தர்றவங்க பேங்க் கணக்கை மாத்திட்டோம்னு ஈமெயில் போட்டிருக்காங்க. அவங்க ஈமெயில்ல இருந்துதான் வந்திருக்கு."

அவர்கள் ஈமெயில் களவு போயிருக்கலாம். மகன் குரல் பற்றிய பதிலில் சொன்னதேதான். அந்த ஈமெயிலில் உள்ள நம்பருக்கல்ல, பழைய பில்லில் இருக்கும் நம்பருக்கு எடுத்து, ஆளோடு பேசி உறுதிப்படுத்திய பிறகே காசு.

"என் படத்தை வச்சு மிரட்டுறான். வீட்டுல சொல்ல முடியாது. என்னா செய்றது?"

காசும் கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பாதீர்கள். ஒரு தடவை கொடுத்தவரிடம் மறுபடி கேட்பான். உரையாடல், அவன் கணக்கின் முகவரி, நம்பர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகே தடுங்கள். 'ஸ்டொப் என்சிஐஐ' என்ற இலவசச் சேவை, உங்கள் படத்தை எங்கும் அனுப்பாமலே அதற்கொரு இலக்க ரேகையை எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற தளங்களில் அது ஏறாமல் தடுக்கும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று வேறொரு சேவை இருக்கிறது.

பேசுவதற்கு மனிதர்கள் இருக்கிறார்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, பொலிஸின் சிறுவர் மகளிர் பிரிவுக்கு 109. தப்பு செய்தவன் மிரட்டுகிறவன். நீங்கள் இல்லை. பிள்ளை வந்து சொன்னால், போனைப் பிடுங்கி அடிக்கும் வீட்டில் அடுத்த பிள்ளை சொல்லாது என்பதைப் பெற்றோரும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

"காசு போயிருச்சு. இப்ப எங்க போறது?"

பொலிஸுக்கு முன் வங்கி. வங்கிகளுக்கிடையிலான காசு இப்போது நொடியில் போய்ச் சேருகிறது. சேர்ந்த இடத்திலிருந்து எடுப்பதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. கார்டின் பின்னால் இருக்கும் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்து, கார்டையும் அப்பையும் முடக்கி, பெறும் வங்கிக்கு உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். அந்த இலக்கத்தை இன்றே போனில் சேமித்து வையுங்கள், கார்ட் தொலைந்த நாளில் அதன் பின்புறத்தைப் பார்க்க முடியாது.

பிறகு எஸ்எம்எஸ், நம்பர், கணக்கிலக்கம் எதையும் அழிக்காமல் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். 'கணினி விஷயம், இங்கே எடுக்க முடியாது' என்றால், 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கென்றே பிரிவும் உண்டு. கணக்கு மீட்பு, போலித் தளம் போன்றவற்றுக்கு கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101. வங்கிக்கு எழுத்தில் கொடுத்தும் சரியான பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935. இதற்குப் பிறகு 'இழந்த காசை மீட்டுத் தருகிறோம்' என்று எவராவது பேஸ்புக்கில் வருவார். அவர் அடுத்த திருடன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாவியை என் கையில வையிங்கிறீங்க. நான் எப்பிடி வைக்கிறது?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்வி. யாரிடமும் கொடுக்காதே என்று உங்களிடம் சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். கணக்கை இரண்டாக்குங்கள். சேமிப்பு ஒரு கணக்கில் இருக்கட்டும். அதற்கு அப்பும் வேண்டாம், கார்டும் வேண்டாம், புத்தகம் மட்டும். நீங்கள் நேரில் போய்க் கைநாட்டு வைத்தால்தான் காசு வெளியே வரும். செலவுக்கான சிறு தொகை மட்டும் அப் உள்ள கணக்கில். அதிலும் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய உச்சத் தொகையைக் குறைத்து வைக்க வங்கியில் கேளுங்கள்.

உதவிக்கு ஒரே ஒருவரை வையுங்கள், வீட்டு மனுசர், பேத்தியோ மருமகளோ. கடைக்காரரோ, நேற்று அறிமுகமானவரோ வேண்டாம். அப் இருப்பது பேத்தியின் போனில் என்றால், வங்கி எஸ்எம்எஸ் வரும் சிம் உங்கள் பொத்தான் போனில் இருக்கட்டும். அப்போது உங்கள் போன் சத்தம் போடாமல் காசு நகராது. சத்தம் கேட்டால் பேத்தியைக் கூப்பிட்டு என்ன செலவு என்று கேளுங்கள். மாதம் ஒரு நாள், சம்பளம் போட்ட பிறகு, புத்தகத்தைக் கிளைக்குக் கொண்டுபோய் அச்சடித்து, கவுன்டரில் இருப்பவரிடம் வரிவரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.